பொருள் முதலா, பணம் முதலா: வி.பி.பி.யிலிருந்து க்யூஆர் அட்டை வரை

பிரம்மதேசம் என்ற பெயரில் தமிழ்நாட்டில் ஊர்கள் பல. செய்யாறு பக்கம் ஒன்று, எண்ணாயிரம் பக்கம் ஒன்று, அம்பாசமுத்திரம் பக்கம் ஒன்று. பிராமணர்களுக்குக் கொடையாக விட்ட ஊர் பிரமதேயம். அந்தச் சொல்தான் இப்படி ஊர் ஊராக ஒட்டிக்கொண்டிருக்கிறது. கல்வெட்டு தேடிப் போகிறவர்கள் இதில் குழம்புவது சகஜம். நான் இங்கே சொல்வது திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் வருகிற பிரம்மதேசம். இதைத் தாண்டிக் கிழக்கே போனால் உப்பளம், பக்கிங்காம் கால்வாய், கடல்.

இந்த வட்டாரத்திலிருந்து ஒருவர் உப்போ கருவாடோ பொட்டலம் கட்டி இணையத்தில் விற்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வலைத்தளம் போடுவது இன்று பெரிய வேலை இல்லை. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டாலே கடைதான். அவர் முதலில் தட்டுத் தடுமாறி நிற்கிற இடம் வேறு. காசை எப்படி வாங்குவது? வீட்டு வாசலில் பொருளைக் கொடுத்துவிட்டு வாங்குவதா, ஜிபே நம்பர் கொடுத்து முன்கூட்டியே போடச் சொல்வதா, கமிஷன் கட்டிப் பேமென்ட் கேட்வே வைப்பதா?

இதைத் தொழில்நுட்பக் கேள்வியாகப் பார்த்து, எந்தக் கம்பெனி எத்தனை சதவீதம் பிடிக்கிறது என்று அட்டவணை போடுகிறார்கள். அட்டவணை வேண்டியதுதான். ஆனால் அடியில் இருக்கும் கேள்வி ரொம்பப் பழசு. முகம் தெரியாத இரண்டு பேரில் யார் முதலில் கையை நீட்டுவது? நடுவில் ஏதாவது கெட்டுப்போனால் யார் தலையில் விடியும்? இந்தியாவில் இதற்கு எழுத்துப்பூர்வமான விடை கிடைத்து ஏறக்குறைய நூற்றைம்பது வருஷம் ஆகப்போகிறது. அந்தக் கதையைத்தான் இங்கே குறித்து வைக்கிறேன்.

முதலில் உப்பு. சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாடு இந்தத் திண்டிவனம் வட்டாரம்தான். அதில் வரும் எயிற்பட்டினம் மரக்காணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. சங்கப் பாடல்களில் உப்பு விற்கும் உமணர்கள் குடும்பத்தோடு மாட்டு வண்டி கட்டி உள்நாட்டுக்குப் போகிறார்கள். நெல்லுக்கு உப்பு என்று தெருவில் கூவி மாற்றிக்கொள்கிறார்கள். கடன் இல்லை, கணக்கு இல்லை. அந்தக் கையில் நெல், இந்தக் கையில் உப்பு. கொடுக்கல் வாங்கலில் ஏமாற இடமே இல்லாத முறை. ஆனால் ரிஸ்க் முழுவதும் வழியில் இருந்தது. வண்டி அச்சு முறிந்தாலோ மழை வந்து உப்பு கரைந்தாலோ வாங்குகிறவருக்கு ஒரு நஷ்டமும் கிடையாது. உமணர்கள் உபரி அச்சு ஒன்றை வண்டியில் கட்டிக்கொண்டு போவார்கள் என்று புறநானூற்றில் வருகிறது. அதுதான் அவர்களுடைய இன்ஷூரன்ஸ்.

அப்படியே ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல் தாவினால், எதிர்முனை. 1805-இல் சென்னை மாகாணத்தில் உப்பு கம்பெனி அரசின் ஏகபோகம் ஆனது. விளைந்த உப்பை அரசுக்குத்தான் அளக்க வேண்டும். வியாபாரி முதலில் பணத்தைக் கட்டிவிட்டு, அப்புறம்தான் கொட்டாரத்தில் உப்பை அளந்து வாங்கிக்கொள்ள முடியும். இன்றைய பாஷையில் சொன்னால் நூறு சதவீதம் ப்ரீபெய்டு. இங்கே விற்பவருக்கு ஒரு பைசா ரிஸ்க் இல்லை. ஏன் முடிந்தது? வேறு கடை இல்லை, அவ்வளவுதான். முன்பணம் கேட்டு வியாபாரம் செய்ய ஒன்று ஏகபோகம் வேண்டும், இல்லையென்றால் நம்பிக்கை வேண்டும். பிரம்மதேசத்துப் புதுக் கடைக்காரரிடம் இரண்டுமே கிடையாது.

இந்த இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு வழி 1877-இல் வந்தது. அந்த வருஷம் சென்னை மாகாணத்துக்கு நல்ல வருஷம் இல்லை. தாது வருஷப் பஞ்சத்தின் நடுப்பகுதி. பஞ்ச நிவாரண வேலையாகச் சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற துண்டு வெட்டப்பட்டது அந்த 1877-78 காலத்தில்தான். அதன் வழியாகத்தான் மரக்காணம் பக்கத்துக் கால்வாயும் வடக்குக் கால்வாயும் ஒரே நீர்வழியாகச் சேர்ந்தன. அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதற்கு நிலைத்தது. உப்பு படகில் போக வழி கிடைத்த அதே சமயத்தில், பொருளின் விலை தபாலில் திரும்பி வர வழி கிடைத்தது என்பது தற்செயல்தான். இரண்டுக்கும் சம்பந்தம் இருந்ததாக நான் சொல்லவரவில்லை.

1877-இல் இந்தியத் தபால் துறை அறிமுகப்படுத்தியது வேல்யூ பேயபிள் போஸ்ட், சுருக்கமாக வி.பி.பி. நாற்பது வயது தாண்டியவர்களுக்கு இந்த மூன்றெழுத்து தெரிந்திருக்கும். கடைக்காரர் பார்சலைத் தபாலாபீசில் கொடுத்து, இவ்வளவு வசூலிக்கவும் என்று எழுதிவிடுவார். தபால்காரர் வீட்டு வாசலில் காசை வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுப்பார். வசூலான தொகை கடைக்காரருக்கு மணியார்டராக வந்து சேரும். தபால் மணியார்டரே 1880-இல் வந்ததுதான். இரண்டும் சேர்ந்த பிறகு வி.பி.பி. வேகம் எடுத்தது.

இதில் நாம் முன்னோடி என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவின் பார்சல் தபாலில் இந்த வசதி 1913-இல்தான் வந்தது. நம்மை ஆண்ட பிரிட்டன் தன் உள்நாட்டுத் தபாலில் இதைக் கொண்டுவந்தது 1926-இல். இங்கே ஏன் முதலில் தேவைப்பட்டது என்பதற்கு என் ஊகம் இது. பம்பாய், கல்கத்தா, சென்னை என்று கடைகள் சில பெரிய ஊர்களில். வாங்குகிறவர்கள் ரயில் தடத்திலிருந்து பத்து மைல் தள்ளிய கிராமத்தில். அவர்களிடம் செக் புத்தகம் இல்லை. நகரத்தார் உண்டியல் மாதிரி வணிகச் சமூகங்களுக்குள் ஓடிய பணவழி இந்தத் தனி ஆட்களுக்கு எட்டாது. இரண்டு பக்கமும் நம்புகிற ஒரே ஆள் தபால்காரர்.

தமிழ்ப் பத்திரிகை உலகம் இதன்மேல் வளர்ந்தது என்று சொன்னால் அது மிகையில்லை. பழைய இதழ் எதையாவது புரட்டினால் கடிகாரம், லேகியம், விதை, நாவல், எதுவானாலும் அடியில் வி.பி.பி.யில் பெறலாம் என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். ஆனந்த விகடனை 1928-இல் வாங்கிய எஸ்.எஸ். வாசன் அதற்கு முன்னால் செய்துகொண்டிருந்த தொழில் விளம்பரமும் தபால்வழி விற்பனையும்தான். பத்திரிகை, சினிமா என்று அவர் பின்னால் கட்டியதற்கெல்லாம் முன்பாடம் அங்கே இருந்தது.

ஆனால் வி.பி.பி.யின் சுவாரசியம் அது ஜெயித்ததில் இல்லை, எங்கே ஓட்டை விழுந்தது என்பதில். ஓட்டை இரண்டு பக்கமும் விழுந்தது.

வாங்குகிறவர் பக்கம்: ஆர்டர் போட்டுவிட்டு, பார்சல் வந்ததும் வேண்டாம் என்பது. கையில் காசு இல்லாமல் போயிருக்கும், மனசு மாறியிருக்கும், பெரியவர் திட்டியிருப்பார். ஏழு நாள் வரை தபாலாபீசில் காத்திருந்துவிட்டுப் பார்சல் திரும்பிவிடும். தபால் செலவு கடைக்காரர் தலையில்.

விற்பவர் பக்கம் நடந்த தில்லுமுல்லு இன்னும் மோசம். யாரும் கேட்காமலே பார்சல் அனுப்பிவிடுவது. வீட்டில் இருப்பவர், யாரோ நம்மாள் ஆர்டர் போட்டிருப்பார் என்று நினைத்துக் காசு கட்டி வாங்கிவிடுவார். பிரித்தால் குப்பை. அதனால்தான் வி.பி.பி. படிவத்தில், உண்மையாக வந்த ஆர்டருக்குத்தான் இதை அனுப்புகிறேன் என்று அனுப்புநர் உறுதி சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும் என்ற விதி வந்தது.

1898-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் சட்டத்தில் இதற்கு இரண்டு பிரிவுகள், 34-உம் 35-உம். படித்துப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிரிவு 34-இன்படி, முகவரிதாரரிடமிருந்து பணம் வந்து சேரும்வரை அந்தத் தொகைக்கு அரசு பொறுப்பில்லை. பிரிவு 35 இன்னும் ஒரு படி மேலே போகிறது. மோசடி என்று தெரிந்தால், வசூலான பணத்தை அனுப்புநருக்குக் கொடுக்காமல் நிறுத்திவைத்து, வாங்கியவருக்கே திருப்பிக் கொடுக்க விதிகள் செய்யலாம் என்று இடம் தருகிறது. இன்றைக்கு கிரெடிட் கார்டு உலகில் சார்ஜ்பேக் என்கிறோமே, அதன் தாத்தா இது. வந்த பணம் கைக்கு வரும்வரை நம் பணம் இல்லை. நடுவில் இருக்கிறவர் நிறுத்திவைக்கலாம். 1898 சட்டம் போய் 2023-இன் அஞ்சல் சட்டம் 2024 ஜூனில் அமலுக்கு வந்துவிட்டது. அந்தத் தர்க்கம் மட்டும் அப்படியே வேறு கம்பெனிகளின் ஒப்பந்தத் தாள்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

இணையக் கடைகள் வந்தபோது இந்த வரலாறு திரும்ப ஒருமுறை ஓடியது. 2000-களின் தொடக்கத்தில் பில்டெஸ்க், சிசிஅவென்யூ மாதிரி நிறுவனங்கள் கார்டில் பணம் வாங்க வழி செய்தன. 2009 ஆகஸ்ட் முதல் இணையத்தில் கார்டு போட்டால் கூடுதலாக ஒரு கடவுச்சொல் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. திருட்டு குறைந்தது. கூடவே, பாதிப் பேருக்குப் பணம் கட்டும் பக்கத்திலேயே இணைப்பு அறுந்துபோகும் தொல்லையும் வந்தது. அந்தக் காலத்து இன்டர்நெட் வேகம் ஞாபகம் இருப்பவர்களுக்குப் புரியும். 2010-இல் ஃபிளிப்கார்ட் கேஷ் ஆன் டெலிவரி கொண்டுவந்ததும் பெரிய புதுமை என்று பேசினார்கள். 133 வருஷப் பழைய வி.பி.பி.தான், தபால்காரருக்குப் பதில் பைக்கில் வருகிற தம்பி. ஆனால் அதுதான் இந்தியாவில் இணைய வியாபாரத்தைச் சாதாரண வீட்டுக்குள் கொண்டுபோனது என்பதை மறுக்க முடியாது.

வெளிநாட்டுத் தமிழர்களுக்கு விற்க நினைத்த சின்ன ஆட்களின் கதை வேறு. அவர்களுக்கு பேபால்தான் கதி. 2011 மார்ச்சில் ரிசர்வ் வங்கி விதியால் ஒரு பரிவர்த்தனைக்கு 500 டாலர் என்று உச்சவரம்பு வந்தது. அந்த வருஷமே பின்னால் 3,000 டாலராக உயர்ந்தது. 2021 ஏப்ரலோடு பேபால் இந்தியாவுக்குள்ளான பணப்பட்டுவாடாவையே நிறுத்திக்கொண்டது.

பிறகு யுபிஐ. 2016 ஏப்ரல் 11-இல் அறிமுகம், நவம்பரில் பணமதிப்பிழப்பு, டிசம்பர் 30-இல் பீம் செயலி. 2020 ஜனவரியிலிருந்து யுபிஐ-க்கு வணிகரிடம் எம்டிஆர் கட்டணம் வாங்கக்கூடாது என்று ஆனது. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனையைத் தாண்டியது. கடைக்காரருக்கு இலவசம் என்றால் யாரோ கட்டுகிறார்கள் என்று அர்த்தம். சின்ன வணிகர்கள் 2,000 ரூபாய்க்குள் வாங்கும் யுபிஐ பணத்துக்காக வங்கிகளுக்கும் செயலிகளுக்கும் ஊக்கத்தொகை தர 2024-25-க்கு மத்திய அமைச்சரவை ஒதுக்கியது சுமார் 1,500 கோடி ரூபாய். இது வருஷா வருஷம் முடிவாகிற தொகை. ஆக, இந்த இலவசத்தை நிரந்தரம் என்று நம்பித் தொழில் கணக்குப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, பிரம்மதேசத்துக் கடைக்காரரிடம் வருவோம். உப்பின் சிக்கல், அது கனம் அதிகம், விலை குறைவு. (சாப்பாட்டுக்கு என்று விற்கும் உப்பில் அயோடின் கட்டாயம் என்பது தனிக் கதை, அளத்திலிருந்து அள்ளி அப்படியே விற்க முடியாது.) ஒரு கற்பனைக் கணக்கு. 300 ரூபாய் பார்சல். போகும் தபால் செலவு 80 உட்பட எல்லாம் போக 60 ரூபாய் லாபம். வாசலில் காசு வாங்கும் முறையில் ஐந்து பார்சல் அனுப்பி, ஒன்று திரும்பிவிட்டால்? நான்கில் 240 லாபம். திரும்பியதில் போக 80, வர 80, ஆக 160 நஷ்டம். ஐந்து பார்சலுக்கும் சேர்த்து மிச்சம் 80 ரூபாய். இரண்டு திரும்பினால் 140 ரூபாய் கைநஷ்டம்.

அதே ஐந்தையும் கேட்வே வழியாக முன்பணம் வாங்கி அனுப்பினால், 2 சதவீதக் கட்டணம் 6 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, மொத்தம் 7 ரூபாய் சொச்சம். ஐந்துக்கும் 265 ரூபாய் நிற்கும். முன்பணம் என்றதும் ஐந்து பேரில் இரண்டு பேர் ஓடிவிட்டார்கள் என்றே வையுங்கள். மூன்றில் 159 ரூபாய். ஒரு பார்சல் திரும்பிய கேஷ் ஆன் டெலிவரியைவிட இது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கமிஷன் என்பது கண்ணுக்குத் தெரிவதால் உறுத்துகிறது. திரும்பி வரும் பார்சல் அங்கங்கே கரைவதால் தெரிவதில்லை. ஆயிரக்கணக்கில் விலை போகும் பட்டுப்புடவைக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரலாம். உப்புக்கும் கருவாட்டுக்கும் வாசலில் காசு என்பது பெரிய கம்பெனியால் மட்டுமே தாங்கக்கூடிய ஆடம்பரம்.

அப்படியானால் கமிஷனே இல்லாத க்யூஆர் போதாதா? தொடக்கத்தில் போதும். நாளைக்கு நாலைந்து ஆர்டர், பாதிப் பேர் தெரிந்தவர்கள் என்றால் அதுதான் சரி. ஆனால் பணம் வந்ததா என்று வங்கிக் கணக்கிலேயே பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வருகிற ஸ்கிரீன்ஷாட் ரசீது ஆகாது. போலி ஸ்கிரீன்ஷாட்டுக்கென்றே செயலிகள் இருக்கின்றன. ஆர்டர் முப்பது ஆகும்போது எந்தப் பணம் யாருடையது என்று ராத்திரி உட்கார்ந்து பொருத்துவதற்கே ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளின் சம்பளம்தான் கேட்வேயின் 2 சதவீதம்.

இன்னொரு ஆபத்து புதியது. சைபர் மோசடியில் பறிபோன பணம் கை மாறிக் கை மாறி ஒரு சின்னக் கடையின் கணக்குக்கு வந்துவிட்டால், போலீஸ் கேட்டுக்கொண்டதன் பேரில் வங்கி அந்தக் கணக்கை முடக்குகிறது. முன்னூறு ரூபாய்க்கு மீன் விற்றவர் மொத்தக் கணக்கும் பூட்டப்பட்டு வேறு மாநிலப் போலீசுக்கு மெயில் அனுப்பிக்கொண்டு நிற்பார். வீட்டுச் சேமிப்பும் கடைப் பணமும் ஒரே கணக்கில் இருந்தால் அடுப்பே எரியாது. கடைக்குத் தனிக் கணக்கு என்பதை இதற்காகவே முதல் நாளிலேயே செய்துவிட வேண்டும்.

பயம் வேறு ரூபத்திலும் வந்தது. 2025 ஜூலையில் பெங்களூருவில் யுபிஐ வரவுகளை வைத்துச் சிறு கடைகளுக்கு வணிகவரித் துறை ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது. உடனே பல கடைகளில் க்யூஆர் அட்டை காணாமல் போய், ரொக்கம் மட்டும் என்று தாள் ஒட்டினார்கள். பேக்கரியும் காய்கறிக் கடையும் அப்படிச் செய்யலாம். இணையத்தில் விற்பவர் எங்கே போய் ஒளிவது? உப்புக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனாலும் எது உப்பு விற்ற பணம், எது அண்ணன் அனுப்பிய கைமாற்று என்று காட்ட பில் புத்தகம் வேண்டும்.

நடுவில் இருக்கிற ஆளையும் முழுசாக நம்பிவிட முடியாது. 2020 மார்ச்சில் பேமென்ட் அக்ரிகேட்டர் என்ற வகையை வரையறுத்து, வணிகர் பணத்தைத் தனி எஸ்க்ரோ கணக்கில் வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி செய்தது. அந்த உரிம நடைமுறையின் நடுவில், 2022 டிசம்பரில் ரேசர்பே, கேஷ்ஃப்ரீ போன்றவை புது வணிகர்களைச் சேர்ப்பதை நிறுத்தச் சொன்னது. ஒரு வருஷம் கழித்துத்தான் திறந்துவிட்டது. அந்த ஒரு வருஷத்தில் கடை திறந்தவர்களுக்கு அந்தக் கதவுகள் மூடியிருந்தன. 2024 ஜனவரி 31-இல் பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கிமீது வந்த நடவடிக்கையால், அங்கே கணக்கு வைத்திருந்த வணிகர்கள் மார்ச் 15-க்குள் வேறு வங்கிக்கு ஓட வேண்டியதாயிற்று. தபாலாபீஸ் மாதிரி நூறு வருஷம் நிற்கிற நடு ஆள் இப்போது யாரும் இல்லை. ஒன்றுக்கு இரண்டு வழி வைத்துக்கொள்வது நல்லது: ஒரு கேட்வே, கூடவே வேறு வங்கியில் ஒரு க்யூஆர்.

வாசலில்தான் காசு தருவேன் என்று நிற்கிற வாடிக்கையாளரை விடவும் மனசு வராது. அவருக்குப் பழைய தபால்வழி வியாபாரிகள் கண்டுபிடித்த வழி ஒன்று இருக்கிறது: தபால் செலவை மட்டும் முன்பணமாக வாங்கிக்கொள்வது. மேலே சொன்ன கணக்கில் போகும் 80-ஐ முன்னால் வாங்கிவிட்டால், பார்சல் திரும்பினாலும் நஷ்டம் பாதி. அதைவிட முக்கியம், 80 ரூபாய் கட்டியவர் அவ்வளவு சுலபமாக வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

இப்போது கூரியர் தம்பியின் போனிலேயே க்யூஆர் வந்துவிட்டது. வாசலில் காசு என்பதும் யுபிஐ என்பதும் ஒன்றாகக் கலந்துவிட்டது. சில்லறைத் தொல்லை இல்லை, பணமும் சீக்கிரம் வருகிறது. ஆனால் கதவைத் திறந்து, இப்ப வேணாம்ப்பா, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்வதற்கு அதில் மருந்து இல்லை. இரண்டு மூன்று தடவை அலைந்துவிட்டுப் பொட்டலம் திண்டிவனம் வழியாக ஊர் திரும்பும். ஐப்பசி கார்த்திகையில் அப்படித் திரும்பி வருகிற உப்பை மறுபடி விற்கவும் முடியாது. ஈரம் ஏறிப் பை கசிந்திருக்கும்.